வீட்டுப் பானையில் எதற்கு ஹேஸி ஐபிஏ?

அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் செய்பவர்கள் கூடும் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், திறக்கப்படும் பாட்டில்களில் பாதி ஒரே நிறத்தில் இருக்கும். மாம்பழ ஜூஸில் கொஞ்சம் பால் கலந்துவிட்ட மாதிரி ஒரு மங்கல் மஞ்சள். மூக்கருகே கொண்டுபோனால் கொய்யா, அன்னாசி, ஆரஞ்சுத் தோல். இதற்கு ஹேஸி ஐபிஏ என்று பெயர். செய்தவர் பக்கத்திலேயே நின்று நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பரவாயில்லாமல்தான் இருக்கும். அதே தெருக்கோடியில் இருக்கும் ப்ரூவரியில் நான்கு கேன் வாங்கினால் இதைவிட நன்றாக இருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் சொல்லிக்கொள்ள மாட்டோம்.

இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்வதற்குக் கொஞ்சமும் பொருந்தாத பியர் அது. வீட்டில் செய்ய வேண்டிய பியர் மைல்டு. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் தொழிலாளிகள் மாலையில் குடித்த, மூன்று மூன்றரை சதவீதம் ஆல்கஹால் மட்டுமே உள்ள, பழுப்பு நிற, எளிய பியர்.

வாதத்துக்குள் போகும் முன் ஒரு சொல் பிரச்சினை. தமிழில் ‘காய்ச்சுவது’ என்றாலே நமக்கு ஊறல் பானையும் போலீஸ் ஜீப்பும்தான் ஞாபகம் வரும். பியரில் ஆவியாக்கி வடிக்கும் வேலை கிடையாது. பார்லியை முளைகட்டி உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பான சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விடுவது. சாராயத்தைவிட இட்லி மாவுக்கு நெருங்கிய சொந்தம். அடுப்பில் கொதிக்கும் கட்டம் ஒன்று இருப்பதால் ‘காய்ச்சுவது’ என்றே நானும் எழுதுகிறேன்.

சரி, ஹேஸி ஐபிஏவுக்கு என்ன குறை? குறை அந்த பியரில் இல்லை. நல்ல ப்ரூவரியில், கேனில் அடைத்த வாரமே குடித்தால் அது அருமையான பானம். ஆனால் அதன் உயிர் ஹாப்ஸ் வாசனையில் இருக்கிறது, அந்த வாசனைக்கு எமன் ஆக்சிஜன். ப்ரூவரிக்காரர்கள் தொட்டி, குழாய், கேன் எல்லாவற்றிலும் கார்பன் டை ஆக்சைடை நிரப்பிக் காற்றைத் துரத்துகிறார்கள். பியரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை நூறு கோடியில் இத்தனை பங்கு என்று அளக்கக் கருவி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் என்ன இருக்கிறது? ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு சைஃபன் குழாய். பாட்டிலில் ஊற்றும்போதே காற்று உள்ளே போய்விடுகிறது. சில வாரங்களில் அந்த மஞ்சள் சாம்பலும் பழுப்புமாகிறது, கொய்யா வாசம் போய் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வருகிறது. பத்தொன்பது லிட்டருக்குக் கால் கிலோவுக்குக் குறையாமல் ஹாப்ஸ் கொட்டியிருப்போம். மைல்டுக்கு முப்பது கிராம் போதும்.

ஐம்பது பேர் பயன்படுத்தும் ஆபீஸ் அப்ளிகேஷனுக்கு குபர்நெட்டீஸ் வைத்து ஓட்டும் டீம்களில் நான் வேலை பார்த்திருக்கிறேன். தேவை இருந்து வைத்ததல்ல, பெரிய கம்பெனிகள் வைத்திருப்பதால் வைத்தது. வீட்டு ஹேஸி ஐபிஏவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மீட்டிங் ரூம்தான் கண்ணில் வருகிறது.

ஆக்சிஜனைச் சமாளித்துவிடலாம் என்பீர்கள். இரண்டு மூன்று ஆயிரம் டாலர் செலவழித்து, அழுத்தம் தாங்கும் ஸ்டீல் தொட்டியும் கெக்கும் வாங்கிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்போதும் என் கேள்வி போகாது. கடையில் கிடைப்பதையே வீட்டில் நகலெடுக்கவா இந்த உரிமை?

ஏனென்றால் இது கேட்டுப் பெற்ற உரிமை. 1933இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் செய்ய வழி கிடைத்தது, பியர் விடுபட்டுப் போனது. அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகள் வீட்டு பியர் சட்ட விரோதம். 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதை மாற்றியது. வயதுவந்த ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். விற்கக் கூடாது. மாநிலங்களும் தனித்தனியே அனுமதிக்க வேண்டியிருந்ததால், மிஸிஸிப்பியும் அலபாமாவும் வழிக்கு வர 2013 ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் நாடு முழுக்க நூறு ப்ரூவரி கூட இல்லை. எங்கே போனாலும் ஒரே வெளிர் லாகர். அன்று வீட்டில் பேல் ஏலும் ஸ்டௌட்டும் செய்தவர்கள், கடையில் கிடைக்காததால் செய்தார்கள். சியரா நெவாடாவைத் தொடங்கிய கென் க்ராஸ்மன், அதற்குமுன் சிக்கோ நகரில் வீட்டு பியர் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தவர். இன்றைக்கு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ப்ரூவரிகள். அவற்றில் பெரும்பாலானவை விற்பது ஐபிஏ. வீட்டில் இருப்பவனும் அதையே காய்ச்சுகிறான். முன்பு சந்தை விட்ட இடத்தை நிரப்பியவர்கள் இப்போது சந்தைக்குச் சம்பளமில்லாத ஒத்திகை பார்க்கிறார்கள். கண்டுபிடிக்கச் சொல்லி விட்ட பிள்ளை பக்கத்து இலையைப் பார்த்துக் காப்பியடிப்பதைப் போல இருக்கிறது.

போலந்தில் நடந்ததைப் பாருங்கள். க்ரோஜிஸ்கே என்று ஒரு பியர். முழுக்க கோதுமை மால்ட், அதுவும் ஓக் விறகுப் புகையில் உலர்த்தியது. மூன்று சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால், ஷாம்பெயின் மாதிரி நுரை. பல நூற்றாண்டுகள் வாழ்ந்த இந்த பியரை, 1993இல் கடைசி ப்ரூவரியை மூடி நிறுத்திவிட்டார்கள். லாபமில்லை. போலந்தின் வீட்டு பியர்காரர்கள் அதை விடவில்லை. பழைய ஊழியர்களிடம் கேட்டார்கள், பழைய ஈஸ்டைத் தேடிப் பிடித்தார்கள், தங்கள் சமையலறையில் செய்து பார்த்தார்கள். 2015இல் அதே ஊரில் ப்ரூவரி மறுபடி திறந்தது. ஒரு பியர் செத்துப்போய், பொழுதுபோக்குக்காரர்கள் கையால் உயிர்த்தது. இதுதான் அமெச்சூருக்கு மட்டுமே கட்டுப்படியாகும் வேலை. அவனுக்கு விற்பனை இலக்கு இல்லை, தங்கும் சரக்கு இல்லை.

மைல்டு சாகவில்லை, ஆனால் ஐசியூவில் இருக்கிறது. மைல்டு என்றால் முதலில் ‘லேசானது’ என்று பொருளில்லை, ‘புதியது, பழுக்கவைக்காதது’ என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பலமான பியராகவே இருந்தது. முதல் உலகப்போரின் வரியும் தானியக் கட்டுப்பாடும் அதை மெலியவைத்தன. மெலிந்தபின்னும் சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் அதைத்தான் குடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை இங்கிலாந்து பப்களில் அதுதான் ராஜா. பிறகு பிட்டர் வந்தது, லாகர் வந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன. கிழவர்கள் குடிக்கும் பியர் என்று முத்திரை விழுந்தது. 1971இல் தொடங்கிய காம்ரா அமைப்பு, ஒவ்வொரு மே மாதமும் இதற்காகப் பிரச்சாரம் செய்கிறது. பிரச்சாரம் தேவைப்படுவதே அதன் நிலைமையைச் சொல்லிவிடும். அமெரிக்கக் கடைகளில் தேடிப் பாருங்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம். பலம் குறைவு, ஹாப்ஸ் குறைவு. நீண்ட பயணமும் அலமாரி வாசமும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. செய்த இடத்திலேயே சில வாரங்களில் குடித்து முடிக்க வேண்டிய பியர். அதாவது, வீட்டுக்கென்றே பிறந்த பியர்.

எதிர்வாதங்கள் தெரியும். “என் நாக்கு, என் வாளி, எனக்குப் பிடித்ததைக் காய்ச்சுகிறேன்” என்பது முதல் வாதம். காய்ச்சுங்கள் ஐயா, யார் கையைப் பிடித்தார்கள்? ஆனால் உங்கள் நாக்குக்கு மைல்டு பிடிக்காது என்று எப்படி முடிவு செய்தீர்கள், குடித்தே இராதபோது? பில்ஸ்னர் கட்சிக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வெப்பத்தைப் பிடித்துவைத்து வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் அவர்கள், மரியாதை உண்டு. வெனிலாவும் லாக்டோஸும் கொட்டி ஸ்டௌட்டைப் பாயசமாக்குகிறவர்களைப் பற்றிப் பேச இந்தக் கட்டுரையில் இடமில்லை.

இரண்டாவது வாதம் நம்மவர்களுடையது. வார இறுதியில் வீட்டுக்கு வரும் நண்பர்கள் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கேட்பார்கள்: “மூணு பர்சென்டா? இதுக்கு மோரே குடிச்சிருக்கலாமே மச்சான்?” போதை ஏறுவதற்கே குடிப்பது என்று நம்மூர் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஒளிந்து நின்று, நேரம் பார்த்து, வேகமாக உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்புகிறவனுக்குப் பலம்தான் கணக்கு. உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசுகிறவனுக்குக் கணக்கு வேறு. எட்டு சதவீத ஐபிஏவில் இரண்டாவது கிளாஸிலேயே ஒருவர் சத்தமாகப் பேச ஆரம்பிப்பார், மூன்றாவதில் 1990களின் இளையராஜா பற்றிச் சண்டை வரும். மைல்டில் அதே சண்டை வரும், ஆனால் இரு தரப்பும் வாக்கியத்தை முடிக்கும். மோர் என்று சொன்ன நண்பர் நாலாவது கிளாஸை அவரே ஊற்றிக்கொண்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

பத்தொன்பது லிட்டருக்கு: மாரிஸ் ஆட்டர் மால்ட் இரண்டே முக்கால் கிலோ, க்ரிஸ்டல் மால்ட் கால் கிலோ, சாக்லேட் மால்ட் நூறு கிராம் (பெயர்தான் சாக்லேட், வறுத்த பார்லி மால்ட்). 68 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊறல். இந்தச் சூடு முக்கியம், குறைந்தால் பியர் தண்ணீராக இருக்கும். ஃபகிள் ஹாப்ஸ் முப்பது கிராம், ஒரு மணி நேரக் கொதி. நல்ல இங்கிலீஷ் ஏல் ஈஸ்ட், 19 டிகிரி. புளிப்பு சில நாட்களில் அடங்கிவிடும். ஆனாலும் பத்து நாள் தொடாதீர்கள், ஹைட்ரோமீட்டர் இரண்டு நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே பாட்டிலில் அடையுங்கள். வழக்கத்தைவிடக் குறைவாகச் சர்க்கரை போடுங்கள், இந்த பியருக்கு நுரை அதிகம் ஆகாது. குடிக்கும் அன்று ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள். பனி மாதிரி இருந்தால் வாசனை எழாது. முதல் பாட்டிலை ஹேஸி ஐபிஏ காய்ச்சும் நண்பருக்குக் கொடுங்கள், என்ன பியர் என்று சொல்லாமல்.