ஜன்னலில் மோதிச் சாகும் விருந்தாளிகள்

மே மாத நடுப்பகுதியில் ரொறன்ரோவின் ஹை பார்க்குக்கோ, ஏரிக்கரையில் உள்ள டொமி தொம்சன் பார்க்குக்கோ விடியப் போய்ப் பாருங்கள். கழுத்தில் பைனாகுலர் தொங்க, மரத்தை அண்ணாந்து பார்த்தபடி ஆட்கள் நிற்பார்கள். அவர்கள் தேடுவது வார்ப்ளர் எனும் சின்னக் குருவிகளை. பெரும்பாலானவற்றின் பாரம் 10 கிராம் அளவுதான். மத்திய, தென் அமெரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, குஞ்சு பொரிக்க வடக்குக் காடுகளுக்குப் போகும் வழியில், இரவோடிரவாக ஒன்ராறியோ ஏரியைக் கடந்து இளைப்பாற இறங்குபவை இவை.

அந்தக் கூட்டத்தில் எங்கட ஆட்களைக் காண்பது அரிது. இரண்டு வேலை, மோட்கேஜ், பிள்ளைகளின் வகுப்புகள் என்று ஓடுகிறவர்களுக்கு நேரமில்லைத்தான். ஆனால் புலம்பெயர் வாழ்வைப் பாட வந்தால் உடனே பறவையை உவமைக்கு இழுக்கிற நாங்கள், பல்கனியில் வந்து நிற்கிற குருவியின் பெயரைக் கேட்டால் முழிக்கிறோம். ஊரில் அப்படியில்லை. வட இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் வந்துபோகும் ஆறுமணிக்குருவியைக் குரலை வைத்தே சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள்.

பெயர் தெரியாதது பெரிய குற்றமில்லை. பெரிய விசயம், இந்தக் குருவிகள் சாவது நாங்கள் குடியிருக்கும் கட்டடங்களில் என்பது. இரவில் பறக்கும் அவற்றை நகரத்து வெளிச்சம் திசை திருப்பி இழுக்கிறது. விடிந்ததும் கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரமென்று நம்பி மோதுகின்றன. ஃபிளாப் கனடா அமைப்பின் தொண்டர்கள் 1993 முதல் இப்படி விழுந்த பறவைகளைப் பொறுக்கி எடுத்து வருகிறார்கள். கனடாவும் அமெரிக்காவும் 1970க்குப் பிறகு ஏறக்குறைய 300 கோடிப் பறவைகளை இழந்துவிட்டதாக 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதற்குக் காடழிப்பு உட்படப் பல காரணங்கள். கண்ணாடி அதில் ஒன்று. ஆனால் எங்கள் கைக்கு எட்டுகிற காரணம் அதுதான்.

பறவைக்குப் பாதுகாப்பான கண்ணாடியை ரொறன்ரோ நகரம் 2010இல் பெரும்பாலான புதிய கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் எழும்பிய மாடிக் கட்டடங்களுக்கு அந்த விதி பொருந்தாது. எங்களில் பலர் வசிப்பதும் அவற்றில்தான்.

"மனிசருக்கே வாடகை கட்ட ஏலாமல் கிடக்கு, இதில குருவிக்குச் செலவழிக்கிறதோ?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இரவில் தேவையில்லாத விளக்கை அணைக்கக் காசு தேவையில்லை, மின்கட்டணமும் குறையும். மோதல் நடக்கிற ஜன்னலின் வெளிப்பக்கம் 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டினாலே குருவிக்கு அது சுவரென்று விளங்கும்.

கொண்டோ நிர்வாகக் குழுக்களில் இன்று தமிழர்களும் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் லொபி விளக்கையும் கீழ்த்தளக் கண்ணாடியையும் பற்றி ஒருவர் வாய் திறந்தால் போதும். பிள்ளைகளையும் ஒரு சனிக்கிழமை காலை பார்க்குக்குக் கூட்டிப் போங்கள். கண்ணால் கண்ட குருவிக்காக அவர்களே அந்தக் கூட்டத்தில் வந்து பேசுவார்கள்.