அனுமதிக்குப் பின் வெளிப்படும் தொன்மை

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், ஜூக்கன் பள்ளத்தாக்கில் இரண்டு பாறைக் குகைகள் இருந்தன. சுமார் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு மனிதர்கள் தங்கியதற்குச் சான்றுகள் உண்டு. 2020 மே 24 அன்று, இரும்புத்தாதுச் சுரங்கத்தை விரிவாக்குவதற்காக ரியோ டின்டோ நிறுவனம் அவற்றை வெடிவைத்துத் தகர்த்தது. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியும் உயர் அலுவலர் இருவரும் பதவி விலக நேர்ந்தது. ஆனால், அந்த அழிவு அரசின் முறையான அனுமதியுடனேயே நடந்தது என்பதுதான் இதில் என்னை அதிகம் உறுத்தும் செய்தி.

நிகழ்வுகளின் வரிசையைப் பார்த்தால் சிக்கல் புரியும். 1972ஆம் ஆண்டின் பழங்குடி மரபுரிமைச் சட்டத்தின் கீழ், 2013இல் அமைச்சர் அனுமதி அளித்தார். அழியப்போகும் இடத்திலிருந்து இயன்றதை மீட்பதற்கான அகழாய்வு, அதற்கு மறு ஆண்டுதான் நடந்தது. சுமார் 7,000 தொல்பொருள்கள் கிடைத்தன. 28,000 ஆண்டுகள் பழமையான, கங்காரு எலும்பாலான கருவி ஒன்றும், மனித முடியால் பின்னப்பட்ட 4,000 ஆண்டுப் பழமையான இடைக்கச்சின் துண்டும் அவற்றில் அடங்கும். அந்த முடியின் மரபணு, அந்நிலத்தின் இன்றைய உரிமையாளர்களான பூட்டு குந்தி குர்ராமா, பினிகுரா மக்களுடையதோடு பொருந்தியது.

அனுமதி வழங்கியபோது தெரியாதிருந்தது அனுமதிக்குப் பின் தெரியவந்தது. ஆனால், புதிய தகவல் கிடைத்தால் பழைய முடிவை மறுபரிசீலனை செய்யும் வழிமுறை அச்சட்டத்தில் இல்லை. மேல்முறையீட்டு உரிமை விண்ணப்பித்த நிறுவனத்துக்கு இருந்தது. பழங்குடி மக்களுக்கு இல்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, வெடிவைப்புத் திட்டத்தை அறிந்து அவர்கள் பதறியபோது, துளைகளில் வெடிமருந்து நிரப்பப்பட்டிருந்தது. அதைப் பாதுகாப்பாக அகற்ற இயலாது என்றது நிறுவனம். சுரங்கத்தை வடிவமைக்க நான்கு வழிகள் ஆராயப்பட்டன என்பதும், அவற்றில் மூன்று குகைகளைத் தொடாதவை என்பதும் நாடாளுமன்ற விசாரணையில்தான் வெளிவந்தன. நான்காவது வழியால் கூடுதலாகக் கிடைக்கவிருந்தது சுமார் 80 லட்சம் டன் தாது. அதன் மதிப்பு ஏறத்தாழ 13.5 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

இதன் பிறகு மேற்கு ஆஸ்திரேலியா இயற்றிய புதிய சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நிலவுடைமையாளர்களின் எதிர்ப்பால், அதைக் கைவிடுவதாக மறுமாதமே அரசு அறிவித்தது. பழைய சட்டம் திரும்பியது. ஆனால் சில திருத்தங்களோடு. அனுமதி பெற்ற பிறகு புதிய தகவல் கிடைத்தால் அதை அமைச்சருக்குத் தெரிவிப்பது கட்டாயம். அமைச்சர் அனுமதியை மாற்றலாம், திரும்பவும் பெறலாம். பெரிய சட்டமே வீழ்ந்த பின்னும் எஞ்சி நின்ற இந்தச் சிறு ஏற்பாட்டைத்தான் நாம் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நமக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில், அரிட்டாபட்டியை உள்ளடக்கிய ஏறத்தாழ 2,000 ஹெக்டேர் பரப்பு, டங்ஸ்டன் சுரங்கத்துக்காக 2024இல் ஏலம் விடப்பட்டது. மக்கள் திரண்டு போராடினர்; சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது; 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இந்த வெற்றிக்கு ஒரு காரணம், அங்குள்ள தமிழி கல்வெட்டும் சமணர் படுகைகளும் குடைவரைக் கோயிலும் கண்ணுக்குத் தெரிந்தவை, ஏற்கெனவே பதிவானவை என்பதே. மண்ணுக்கு அடியில் உள்ளவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2015இல் அகழாய்வு தொடங்கும்வரை, வழிப்போக்கரின் கண்ணுக்குக் கீழடியும் ஒரு தென்னந்தோப்பாகத்தான் இருந்தது.

நம் சட்டங்களும் தெரிந்தவற்றையே முதன்மையாகக் காக்கின்றன. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம், பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் சுரங்கம் தோண்டுவதைத் தடுக்கிறது. ஆனால், அந்தப் பகுதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். தற்செயலாகக் கிடைப்பவற்றுக்கு இன்னும் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தையே நாடுகிறோம். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. பொருளின் உடைமை யாருக்கு என்பதே அதன் கவலை. வேலையை எவ்வளவு தூரத்துக்கு, எத்தனை நாள் நிறுத்துவது என்று அது வகுக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், கண்மாய் தூர்வாரும் பணியில் இருந்த பொக்லைன் ஓட்டுநர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். தாழி தட்டுப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “மண்ணைத் தள்ளி மூடிட்டு அடுத்த பக்கம் போயிருவோம் சார். வண்டி நின்னா மணிக்கணக்கு வாடகையை யார் தருவா?” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்பவருக்கு இழப்பும் மறைப்பவருக்கு ஆதாயமும் தரும் ஏற்பாடு அவர் உருவாக்கியது அன்று.

ஒவ்வொரு பானை ஓட்டுக்கும் பணியை நிறுத்தினால் எந்தச் சுரங்கமும் நடவாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. செர்பியாவின் திரம்னோ நிலக்கரிச் சுரங்கத்தில், 2020இல் தோண்டும் இயந்திரம் பழங்காலக் கப்பல் ஒன்றின்மீது மோதியது. அருகிலேயே விமினாசியம் என்ற ரோமானிய நகரத்தை ஆராய்ந்துவந்த தொல்லியலாளர்கள் அதை மீட்டனர், சுரங்கமும் தொடர்ந்தது. கப்பலை இடம்பெயர்க்கலாம், ஒரு குகையை இடம்பெயர்க்க முடியாது. கிடைத்திருப்பது எந்த வகை என்பதை யார், எப்போது முடிவு செய்வது என்பதே கேள்வி. தாதுவைத் தோண்டுபவரே அதை முடிவு செய்யக் கூடாது.

ஆகவே, கனிமத் தொகுதியை ஏலத்துக்கு விடும் முன்பே தொல்லியல் மேற்பரப்பாய்வு நடக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஏதேனும் வெளிப்பட்டால், குறிப்பிட்ட சுற்றளவில் மட்டும் பணி நிற்க வேண்டும். தொல்லியல் துறை வந்து பார்ப்பதற்குக் கெடு வேண்டும். புதிய சான்றின் அடிப்படையில் அனுமதியைத் திருத்தவும் திரும்பப் பெறவும் குத்தகை ஒப்பந்தத்திலேயே இடம் வேண்டும். முதலீட்டாளர் அதை அறிந்தே ஏலம் கேட்கட்டும். நின்றுபோன நேரத்துக்கான வாடகையும் கூலியும் திட்டச் செலவில் சேர வேண்டும். தாழியைக் கண்ட ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தகவல் சொன்னால், அன்றைய கூலி அவருக்குக் குறையாது என்ற உறுதியிலிருந்துதான் இவையெல்லாம் நடைமுறைக்கு வரும்.