மியூனிக்கில் திருவிழா... வட்டக்கோட்டையில் குற்றம்!

ஜெர்மனியில் மியூனிக் என்று ஒரு நகரம். ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் பாதி தாண்டியதும் அங்கே ஒரு திருவிழா தொடங்கும். பெயர் அக்டோபர் ஃபெஸ்ட். நகர மேயரே மர சுத்தியலை எடுத்து முதல் பீர் பீப்பாயில் குழாயை அடித்து இறக்குவார். "திறந்தாச்சு!" என்று உரக்கச் சொல்வார். அவ்வளவுதான், இரண்டு வாரத்துக்கும் மேல் கொண்டாட்டம். 2023-ல் மட்டும் 70 லட்சம் பேருக்கு மேல் வந்து போனார்கள்.

இது ஒரு கல்யாணத்தில் ஆரம்பித்த கதை. 1810 அக்டோபர் 12 அன்று பவேரிய இளவரசர் லுட்விக், தெரேசாவை மணந்தார். ஊர் மக்களும் சேர்ந்து கொண்டாட, சில நாள் கழித்து குதிரைப் பந்தயம் நடந்தது. பந்தயம் நடந்த மைதானத்துக்கு மணப்பெண்ணின் பெயரையே வைத்தார்கள். அடுத்த வருடம் விவசாயக் கண்காட்சி சேர்ந்தது. பீர் கூடாரங்கள் பெரிதானதெல்லாம் பிறகுதான். காலரா, போர், 2020, 2021 கொரோனா என்று சில வருடங்கள் நின்றதே தவிர, இருநூறு வருடம் தாண்டியும் நடக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விதி இருக்கிறது. அங்கே கண்ட பீரையும் விற்க முடியாது. மியூனிக் நகரின் ஆறு ஆலைகள் காய்ச்சிய பீர் மட்டும்தான் விற்கலாம். உலகமே வந்து குடித்தாலும் குடிப்பது உள்ளூர் பீர். அந்த நகரம் தன் பானத்தைப் பார்த்து வெட்கப்படவில்லை. விதி போட்டுக் காப்பாற்றுகிறது.

சரி, இதற்கும் வட்டக்கோட்டைக்கும் என்ன சம்பந்தம்?

கன்னியாகுமரியிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில், அஞ்சுகிராமம் பக்கம், கடலை ஒட்டி நிற்கும் கருங்கல் கோட்டை அது. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூருக்கே படைத்தலைவரான டிலனாய் பலப்படுத்திய கோட்டை. சுற்றுலா வருகிறவர்கள் கடலைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். திரும்பி நிலத்தைப் பார்த்தால் தென்னையும் பனையும் தெரியும். இந்த ஊரின் பானம் அந்த மரத்தின் உச்சியில்தான் இருக்கிறது.

பனையேறி காலையும் மாலையும் மரம் ஏறி பாளை சீவுகிறார். சொட்டுச் சொட்டாக வடிவதைக் கலயத்தில் பிடிக்கிறார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது அக்கானி, மற்ற ஊர்களில் சொல்லும் பதநீர். தடவாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்டே புளிக்க வைத்துவிடும். அது கள். அதே மரம், அதே பாளை, அதே ஆள். நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு! அது இருந்தால் தொழிலாளி, இல்லாவிட்டால் குற்றவாளி.

இந்தச் சட்டத்தின் கதையையும் பாருங்கள். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-ல் விலக்கு நீங்கியது. 1973-74-ல் கடைகளை மறுபடி மூடினார்கள். 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. ஆனால் பாட்டில் சரக்கு நிற்கவில்லை. 2003-ல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடை போட்டு உட்கார்ந்துவிட்டது. 2023-24-ல் அதன் மூலம் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். இதற்குப் பெயர் மதுவிலக்கா?

கள்ளில் ஆல்கஹால் சுமார் நான்கிலிருந்து ஆறு சதவீதம். மியூனிக் திருவிழா பீரும் ஏறக்குறைய ஆறு சதவீதம்தான். டாஸ்மாக் பிராந்தியில் 42.8 சதவீதம். குறைந்ததற்குத் தடை, கூடினதற்கு அரசுக் கடை. இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது?

கலப்படம் செய்வார்கள் என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. உண்மைதான், போதை மாத்திரை கலந்த கள் ஆளைக் கெடுக்கும். ஆனால் கலப்படத்துக்கு மருந்து பரிசோதனை. பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று யாரும் மாட்டைத் தடை செய்வதில்லையே! 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கும் மேல் உயிரைக் குடித்தது. கள்ளுக்கடை இல்லாத மாநிலத்தில்தான் அதுவும் நடந்தது.

வட்டக்கோட்டையிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போனால் களியக்காவிளை. அதைத் தாண்டினால் கேரளா. அங்கே உரிமம் பெற்ற கள்ளுக்கடை உண்டு, தொழிலாளிக்கு நல நிதி வாரியமும் உண்டு. இத்தனைக்கும் 1956 வரை இரண்டு பக்கமும் ஒரே ஆட்சியின் கீழ்தான் இருந்தன. கடல் தாண்டினால் யாழ்ப்பாணம். அங்கே கூட்டுறவுச் சங்கங்கள் பனங்கள்ளை விற்கின்றன, பாட்டிலில் அடைத்து வெளிநாட்டுக்கும் அனுப்புகின்றன. கோவாவின் முந்திரி ஃபெனிக்கு 2009-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. எல்லா இடத்திலும் ஊர்ப் பானம் கௌரவம். இங்கே மட்டும் வழக்கு!

குடி குடியைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கினார். மியூனிக்கிலும் குடித்து விழுகிறவர்கள் உண்டு. குடும்பத்தோடு வருகிறவர்களுக்காக 2005 முதல் மாலை ஆறு மணி வரை சத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டி வந்தது. யாரும் குடிக்க வேண்டாம் என்று ஒரு அரசு உண்மையிலேயே நினைத்தால் நல்லது, எல்லாக் கடையையும் மூடட்டும். பனையேறியும் எதிர்த்துப் பேச முடியாது. தன் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் கலயத்தை உடைப்பதுதான் அநியாயம்.

தடை யாரை அடிக்கிறது? அக்கானி மணிக்கணக்கில் கெட்டுப்போகும். விற்காததைக் கருப்பட்டியாகக் காய்ச்ச வேண்டும். விறகும் புகையும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு. முடிவில் சீனி கலந்த மலிவுக் கருப்பட்டியோடு சந்தையில் போட்டி. பிள்ளைகள் ஏன் மரம் ஏறுவார்கள்? திருவிதாங்கூர் காலத்தில் இந்த மக்களிடம் தலைவரி வாங்கினார்கள், பெண்கள் தோளில் சீலை போட 1859 வரை போராட வேண்டியிருந்தது. வரி போய்விட்டது. தொழில் மீதான சந்தேகப் பார்வை மட்டும் போகவில்லை.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 2021-ல் அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் ஏற ஆள் இல்லாத பனையை எந்த அறிவிப்பு காப்பாற்றும்? மரத்துக்குப் பாதுகாப்பு, மரம் ஏறுகிறவருக்குப் போலீஸ்!

திருவிழா வேண்டாம். மேயர் வந்து கலயம் திறக்கவும் வேண்டாம். ஒரு கூட்டுறவுச் சங்கம், ஒரு பரிசோதனைச் சாவடி, ஒரு உரிமச் சீட்டு போதும். இதைக்கூடக் கொடுக்க மனமில்லை என்றால், மதுவிலக்கு என்ற வார்த்தையையாவது இனி யாரும் வாயில் எடுக்காமல் இருக்கட்டும்.