கருவியும் மக்கள் கையில் இருக்க வேண்டும்

2020 டிசம்பர் 20 அன்று, டெல்லி எல்லைகளில் விவசாயிகள் கடுங்குளிரில் அமர்ந்து போராடிக்கொண்டிருந்த வேளையில், அப்போராட்டத்தின் குரலாக விளங்கிய கிசான் ஏக்தா மோர்ச்சாவின் முகநூல் பக்கம் திடீரென முடக்கப்பட்டது. கண்டனங்கள் எழுந்தபின் சில மணி நேரத்தில் அது மீண்டும் திறக்கப்பட்டது. தானியங்கி முறை அப்பக்கத்தைத் தவறாக அடையாளம் கண்டுவிட்டது என்பதே நிறுவனம் அளித்த விளக்கம். ஆறு வாரங்கள் கழித்து, 2021 பிப்ரவரி 1 அன்று, ஒன்றிய அரசின் உத்தரவின் பேரில் அதே அமைப்பின் ட்விட்டர் கணக்கு உள்பட சுமார் 250 கணக்குகள் இந்தியாவில் தடுக்கப்பட்டன. முடக்கியது ஒருமுறை நிறுவனம், மறுமுறை அரசு. போராடிய விவசாயிகளோ இருமுறையும் பிறர் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

2023 ஜனவரியில், 2002 குஜராத் வன்முறை குறித்த பிபிசி ஆவணப்படத்தின் இணைப்புகளை அகற்றுமாறு யூடியூபுக்கும் ட்விட்டருக்கும் ஒன்றிய அரசு உத்தரவிட்டது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் அவசரகால அதிகாரம் அதற்குப் பயன்பட்டது. ஆயினும் கேரளத்தில் இடதுசாரி மாணவர், வாலிபர் அமைப்புகள் அப்படத்தைப் பொது இடங்களில் திரையிட்டன. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மின்சாரம் நின்றபோது, மாணவர்கள் கைபேசிகளிலும் மடிக்கணினிகளிலும் அதைப் பார்த்தனர். தளங்களில் தடுக்கப்பட்ட படம் பிரதிகளாகக் கைமாறிக்கொண்டிருந்ததே இதனைச் சாத்தியமாக்கியது.

வெளியிடும் தளத்தைப் பற்றிய இக்கவலை இடதுசாரி இயக்கத்துக்குப் புதிதல்ல. ஆனால் காணொளியைத் தயாரிக்கும் கருவியைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வேலைநிறுத்தக் காட்சிகள், மாநாட்டு உரைகள், வீதி நாடகங்கள் ஆகியவை இன்று எந்த மென்பொருளில் தொகுக்கப்படுகின்றன? பெரும்பாலும் சந்தா கட்டிப் பெற்ற ஒன்றில். அல்லது அதன் கள்ளப் பிரதியில்.

படைப்புக் கருவிச் சந்தையில் ஏகபோக வலிமை பெற்ற அடோபி நிறுவனம், அவற்றை ஒருமுறை விலைக்கு விற்கும் முறையைக் கைவிட்டுச் சந்தா முறைக்கு மாறுவதாக 2013-இல் அறிவித்தது. வாடகை நின்றால் கருவியும் நிற்கும் என்பதே இதன் பொருள். வாடகை கட்டியவருக்கும் பாதுகாப்பில்லை என்பதை 2019 அக்டோபர் காட்டியது. வெனிசுலாவுக்கு எதிராக அமெரிக்க அதிபர் டிரம்ப் பிறப்பித்த தடையாணையைக் காட்டி, அந்நாட்டுப் பயனர்கள் அனைவரின் கணக்குகளையும் முடக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது; கட்டிய பணத்தையும் திருப்பித் தர இயலாது என்றது. பின்னர் அமெரிக்க அரசிடமிருந்து உரிமம் கிடைத்ததால் அம்முடிவு கைவிடப்பட்டது. காரகாசில் ஒரு வடிவமைப்பாளர் சுவரொட்டி வரைவதற்கும் வாஷிங்டனின் அனுமதி தேவைப்பட்டது.

கள்ளப் பிரதி இதற்கு மாற்றாகாது. அதனோடு நச்சுநிரலும் வந்து சேரலாம். சோதனை என்ற பெயரில் அலுவலகத்துக்குள் நுழையக் காவல்துறைக்கு ஒரு சாக்கும் கிடைக்கிறது. அனைத்துக்கும் மேலாக, அடுத்து வரும் தோழர்களையும் அதே நிறுவனத்தின் கருவிக்கே அது பழக்கிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான அனுபவம் இந்தியாவிலேயே உண்டு. பாரிஸ் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் தொடங்கிய விஎல்சி என்னும் காணொளி இயக்கி, 2001 முதல் பொது உரிமத்தின் கீழ் கட்டற்ற மென்பொருளாக இருந்து வருகிறது. 2022-இல் அதன் இணையதளம் இந்தியாவில் பல மாதங்கள் முடக்கப்பட்டது. உருவாக்கியோர் சட்ட அறிவிப்பு அனுப்பிய பிறகு, அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியது. தளம் முடங்கியிருந்த காலத்திலும், ஏற்கெனவே நிறுவப்பட்ட கணினிகளில் விஎல்சி இயங்கிக்கொண்டேயிருந்தது. கட்டற்ற மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம். அதன் மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஒருவர் கணினிக்கு வந்துவிட்டதைத் தொலைவிலிருந்து பறிக்க எந்த நிறுவனத்துக்கும் பிடி இல்லை.

இத்தகைய கருவிகள் தரத்தில் தாழ்ந்தவை என்ற எண்ணம் இன்னும் நிலவுகிறது. அதற்கு பிளெண்டரின் வரலாறே பதிலளிக்கும். முப்பரிமாண இயங்குபடங்களை உருவாக்கும் அம்மென்பொருளை வைத்திருந்த டச்சு நிறுவனம் 2002-இல் மூடப்பட்டது. மூல நிரலை விடுவிக்க முதலீட்டாளர்கள் ஒரு லட்சம் யூரோ கேட்டனர். பயனர்கள் ஏழு வாரங்களில் அத்தொகையைத் திரட்டினர். அவ்வாண்டு அக்டோபரில் நிரல் பொதுச் சொத்தாயிற்று. 2025-இல், சிறந்த இயங்குபடத்துக்கான ஆஸ்கர் விருதை ஹாலிவுட் பெருநிறுவனங்களை முந்திக்கொண்டு வென்ற லாட்வியத் திரைப்படம் 'ஃப்ளோ' பிளெண்டரில் உருவானதே.

அரசு முன்வந்தால் என்ன செய்யலாம் என்பதைக் கேரளம் காட்டியிருக்கிறது. வி.எஸ். அச்சுதானந்தன் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசின் 2007 தகவல் தொழில்நுட்பக் கொள்கை, கட்டற்ற மென்பொருளுக்கு முக்கிய இடம் அளித்தது. அரசுப் பள்ளிகளின் கணினிகள் அப்பாதையில் நடைபோட்டன. 2018-இல் தொடங்கப்பட்ட 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களில், சாதாரணக் குடும்பங்களின் பிள்ளைகள் உரிமக் கட்டணம் ஏதுமின்றி இயங்குபடமும் காணொளித் தொகுப்பும் கற்கின்றனர்.

இதனால் கட்டற்ற மென்பொருளே சோசலிசம் என்று மயங்க வேண்டியதில்லை. உலகின் பெரும் காணொளி நிறுவனங்கள், பெரும்பாலும் தன்னார்வலர்கள் பராமரிக்கும் எஃப்எஃப்எம்பெக் போன்ற நிரல்களைப் பயன்படுத்தி லாபம் ஈட்டுகின்றன. பொதுச் சொத்தை மூலதனம் இங்கும் கைப்பற்றவே முயலும். அதேபோல், மக்கள் யூடியூபிலும் முகநூலிலும் இருக்கும்வரை இயக்கமும் அங்கே இருந்தாக வேண்டும். பிரான்சின் ஃபிராமாசாஃப்ட் அமைப்பு உருவாக்கிய பியர்டியூப், தனித்தனிச் சர்வர்களை ஒன்றோடொன்று இணைத்துக் காணொளி வெளியிட உதவுகிறது. ஆனால் சர்வருக்குச் செலவுண்டு. பார்வையாளர்களும் உடனே வந்துவிட மாட்டார்கள். பெருந்தளங்களைப் பயன்படுத்துவது வேறு; அவற்றையே ஆவணக் காப்பகமாக நம்பியிருப்பது வேறு.

எனவே, உடனடியாகச் செய்யத்தக்க பணிகள் சில உண்டு. ஒவ்வொரு மாவட்டக் குழுவும் வெகுஜன அமைப்பும், தாம் எடுக்கும் காணொளிகளின் மூலப் பதிவை நாள், இடக் குறிப்புகளுடன் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு இடங்களில் பாதுகாக்க வேண்டும். புதிதாகப் பயிற்சி பெறும் தோழர்கள் காணொளித் தொகுப்புக்குக் கேடென்லைவ், நேரலைக்கு ஓபிஎஸ், ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி, படங்களுக்கு கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகியவற்றிலேயே தொடங்கலாம். இவை விண்டோஸ் கணினிகளிலும் இயங்குபவை. புதுக் கணினி வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. மாநில அளவில் ஒரு பியர்டியூப் சர்வரைச் சோதனையாக நடத்திப் பார்க்கலாம். கட்டற்ற மென்பொருள் இயக்கங்களில் செயல்படும் இளைஞர்கள் இதற்குத் துணை நிற்பர்.

தமிழ் முற்போக்கு ஏடுகள் இப்பாடத்தை ஏற்கெனவே ஒருமுறை படித்துள்ளன. பேஜ்மேக்கரில், ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் கோக்கப்பட்ட பக்கங்களை இன்றைய கணினியில் திறந்தால், பல வேளைகளில் பொருளற்ற குறிகளே தோன்றுகின்றன. அச்சுப் பிரதி இருந்ததால் அந்த எழுத்துகள் பிழைத்தன. காணொளிக்கு அச்சுப் பிரதி கிடையாது. இன்றைய போராட்டங்களை நாளைய தோழர்கள் காண வேண்டுமெனில், பதிவும் அதைத் திறக்கும் கருவியும் இயக்கத்தின் கைவசம் இருக்க வேண்டும். அதற்கான பணியைக் கிளைகள் இப்போதே தொடங்கட்டும்.