தேயிலைத் தூளின் சாட்சி

சகோதரிகளே, ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பெண்கள் பறிக்கும் கொழுந்து தூளாகி நம் அடுப்படிக்கு வந்த பிறகு, அது முழுக்கத் தேயிலைதானா, இடையில் வேறேதும் சேர்ந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. போத்தலில் எல்லாம் ஒரே கறுப்புத்தான். அதைக் கண்டுபிடிப்பது நுணுக்குக்காட்டி.

ஒரு சிட்டிகைத் தூளைக் காரக் கரைசலில் காய்ச்சி, துணுக்குகள் வெளிறியதும் கண்ணாடித் தகட்டில் வைத்து நூறு மடங்கு பெருப்பித்துப் பார்ப்பார்கள். தேயிலையானால், இலையின் சதைக்குள் தடித்த சுவருள்ள கலங்கள் காய்ந்த முள்ளுக் கொப்புப் போலக் கிளைவிட்டு நிற்கும். இளங்கொழுந்தின் அடிப்பக்கத்தில் ஒற்றைக் கலத்தாலான நீண்ட மயிர்கள் இருக்கும். மொட்டின் மேல் வெள்ளியாக மினுங்குவதும் இந்த மயிர்தான். கடலைத் தோலுக்கும் மரத்தூளுக்கும் இந்த அடையாளங்கள் கிடையா. அரைத்தாலும் வறுத்தாலும் கலத்தின் அமைப்பு அவ்வளவு இலகுவில் அழிவதில்லை.

இந்த வழியை உணவுச் சாமான்களில் பெரிய அளவில் கையாண்டவர் ஆதர் ஹில் ஹசால் என்ற இலண்டன் வைத்தியர். 1850களில் கடை கடையாக வாங்கிப் பார்த்து, விற்றவர்களின் பெயர் விலாசத்தோடு 'லான்செட்' சஞ்சிகையில் வெளியிட்டார். என்ன துணிச்சல்! 1860இல் அங்கே கலப்படத்துக்கு எதிரான சட்டம் வர அதுவும் ஒரு காரணம். நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முத்திரையிட்டு அனுப்பும் மாதிரி பகுப்பாய்வாளரிடம் போகும். அவருடைய அறிக்கை நீதிமன்றத்தில் சான்றாகும்.

ஆனால் நுணுக்குக்காட்டியையும் ஏமாற்ற வழியுண்டு. ஒருமுறை சாயம் இறக்கிய சக்கையைக் காயவைத்துக் கலந்தால் அதிலும் அதே கலம், அதே மயிர்! அங்கே தராசுதான் பேச வேண்டும். சர்வதேசத் தரப்படி கறுப்புத் தேயிலையில் நூற்றுக்கு 32 பங்காவது கொதிநீரில் கரைய வேண்டும். சக்கையில் அந்த அளவு இராது.

இந்த மோசடியில் அதிகம் இழப்பது தூளை ஐம்பது கிராம், நூறு கிராமாகச் சுற்றி வாங்கும் குடும்பம். கொழுந்து பறித்தவளின் லயத்து வீடும் அதில் ஒன்று.

வீட்டிலே செய்யக்கூடியது ஒன்றுண்டு. வடிகடதாசியை நனைத்து அதன்மேல் தூளைத் தூவுங்கள். தூவிய உடனேயே நிறம் கோடுகோடாக ஓடினால், மேலே சாயம் பூசியிருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். அப்படியானால் மிச்சத் தூளைப் போத்தலில் கொட்டிவிடாமல், வாங்கிய பையோடு, சிட்டையும் இருந்தால் அதோடு, பரிசோதகரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.