ஞாயிறு நடுவே நின்ற வரலாறு

வைகறையில் கிழக்கு நோக்கிக் கைகூப்பும் நாம் எல்லோரும் ‘சூரியன் உதயமாயிற்று’ என்றே சொல்கிறோம். கண்ணுக்குத் தோன்றுவதும் அதுவே. ஆயினும் சூரியன் நடுவில் நிற்க, பூமியே அதனைச் சுற்றி வருகிறது என்று முதலில் கூறியவர் யார்? கோபர்னிகஸ் என்று பள்ளியில் படித்திருப்போம். அவருக்கு ஏறத்தாழப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதைச் சொல்லிவிட்டார்.

அவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டார்க்கஸ். கிரேக்கத்தின் சாமோஸ் தீவினர். அஷ்டமியை ஒட்டி அரைமதி தோன்றும் வேளையில், நிலவுக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட கோணத்தை 87 பாகை எனக் கொண்டு, சூரியன் நிலவைப் போல் 18 முதல் 20 மடங்கு தொலைவில் உள்ளது எனக் கணித்தார். அதன் குறுக்களவு பூமியைப் போல் ஆறேழு மடங்கு என்றும் கண்டார். உண்மையில் தொலைவு சுமார் 400 மடங்கு; குறுக்களவு 109 மடங்கு. அளவு பிழைத்ததேயன்றி வழி பிழைக்கவில்லை. இத்துணைப் பெரியது சிறியதைச் சுற்றுவானேன் என்ற ஐயமே அவரை அம்முடிவுக்கு இட்டுச் சென்றிருக்கும் என்பர் அறிஞர். அதுபற்றி அவர் எழுதியது கிடைக்கவில்லை. ஆர்க்கிமிடீஸ் தம் நூலில் குறித்து வைத்தமையால் நாம் அறிகிறோம்.

உலகின் நடுவண் அடுப்பையே அசைத்துவிட்டார், இவர்மேல் தெய்வ நிந்தனை வழக்குத் தொடுக்க வேண்டும் என்று கிளியாந்தெஸ் என்னும் தத்துவ ஞானி கருதியதாகப் புளூடார்க் எழுதுகிறார். அதைவிட வலிய மறுப்பு வேறொன்று. ரயிலில் செல்லும்போது அருகிலுள்ள மரம் பின்னோக்கி ஓடுகிறதல்லவா? பூமி பெருவட்டமாகச் சுற்றுமாயின், ஆறு மாத இடைவெளியில் அண்மை விண்மீன்களும் அவ்வாறே சற்று இடம்பெயர்ந்து தோன்ற வேண்டும். எவரும் அதைக் காணவில்லை. ஆகவே மறுத்தவர்களை மூடர் என்று தள்ளுவது நியாயமன்று. பூமியின் பாதையே ஒரு புள்ளியாகத் தோன்றுமளவுக்கு விண்மீன்கள் தொலைவில் உள்ளன என்பதே அரிஸ்டார்க்கஸின் கொள்கை. அதை மெய்ப்பிக்கும் கருவி அன்று இல்லை.

கோபர்னிகஸ் போலந்தின் பிரோம்போர்க் நகரப் பேராலயத்தில் பொறுப்பு வகித்தவர். ஆலய நிர்வாகம் பார்த்தவர்கள் அறிவார்கள், அதற்கே பொழுது போதாது. அவரோ எஞ்சிய நேரத்தில் வானை ஆராய்ந்தார். பிறர் நகைப்பார்களே என்று அஞ்சி நூலை நெடுங்காலம் வெளியிடாதிருந்தார். அது அச்சேறிய 1543ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அவருடைய கையெழுத்துப் படியில் அரிஸ்டார்க்கஸின் பெயர் இருக்கிறது. ஆனால் அப்பகுதி கோடிட்டு அடிக்கப்பட்டுள்ளது. அச்சில் அது வரவில்லை. முன்னோர் பெயர் நின்றிருந்தால் நூலின் பெருமை குறைந்திராது என்பதே என் எண்ணம்.

விண்மீனின் அந்த இடப்பெயர்ச்சியை பெசல் என்னும் ஜெர்மானிய வானியலார் 1838இல் அளந்து வெளியிட்டார். அன்னக் கூட்டத்திலுள்ள மங்கலான விண்மீன் ஒன்றை அதற்குத் தேர்ந்துகொண்டார். ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் அக்கூறு ஒன்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அவர் கண்ட அளவு. அவருடைய வானாய்வுக்கூடம் இருந்த கோனிக்ஸ்பர்க் நகரம், பிரோம்போர்க்கிலிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவுகூட இல்லை.