நாடக மேடையிலிருந்து அரசியல் மேடைக்கு

ஜெர்மன் நாடக சாலைகளில் 'டிராமடுர்க்' என்றொரு பதவி உண்டு. எந்த நாடகத்தை, எந்த நோக்கத்துடன் மேடையேற்றுவது என்று ஆலோசனை கூறுபவர் அவர். 1767-ல் ஹாம்பர்க் நகரில் லெஸ்ஸிங் தொடங்கிவைத்த மரபு இது.

1967-ல் பிறந்த பெர்ண்ட் ஸ்டேகமான் இம்மரபில் வந்தவர். பெர்லினில் டாய்ச்சஸ் தியேட்டரிலும் ஷவ்புஹ்னேயிலும் பணியாற்றினார். எர்ன்ஸ்ட் புஷ் நாடகக் கல்லூரியில் பேராசிரியரானார். சமூகத்தின் மெய்யான நிலையைக் காட்ட மறந்த மேடை பொருளற்றுப் போகும் என்பது அவர் வாதம். அதையே அரசியலுக்கும் பொருத்தினார். இடதுசாரிகள் ஒழுக்க போதனையில் மூழ்கிக் கூலியையும் வாடகையையும் மறந்தால், ஏழைகளின் கோபம் வலதுசாரிகளுக்கே லாபம் என்றார்.

2018 செப்டம்பரில் சாரா வாகன்க்னெஷ்ட் அம்மையார் தொடங்கிய 'எழுந்து நில்' இயக்கத்தில் இவரும் முன்னின்றார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்தனர். ஆனால் பெயர் கொடுப்பது வேறு, இயக்கம் கட்டுவது வேறு. 2019 மார்ச்சில் அம்மையாரே தலைமையிலிருந்து விலகினார். 2024-ல் அவர் கண்ட கட்சியோ, 2025 தேர்தலில் பார்லிமெண்டுக்குள் நுழையத் தேவையான 5 சதவீதத்தை 10,000-க்கும் குறைவான வாக்குகளால் தவறவிட்டது. வலதுசாரி ஏ.எப்.டி. கட்சி 20 சதவீதத்தைத் தாண்டியது.

பேராசிரியர் நோயைச் சரியாகவே கண்டார். மருந்துதான் இன்னும் கிடைத்தபாடில்லை.